பென்சில் படாத முகம்

மின்னல் ஸ்டூடியோவில் பரிபூரணத்துக்கு ஆறு வருஷமாக ஒரே வேலைதான். கறுத்த முகங்களை வெளுக்க வைப்பது.

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்த ஸ்டூடியோ. படம் எடுப்பது முதலாளி காசிராஜன். ஃபிலிமைக் கழுவிக் காயவைத்ததும் அது பரிபூரணத்தின் மேஜைக்கு வந்துவிடும். சன்னலோரம் போட்ட சாய்வு மேஜை அது. நடுவில் கண்ணாடி பதித்து, அடியிலிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி செய்திருந்தார்கள். அதன்மேல் நெகட்டிவை வைத்து, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் முகத்தின்மேல் புள்ளி வைத்துக்கொண்டே போகவேண்டும். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். அங்கே எவ்வளவு கரி ஏற்றுகிறோமோ, பிரிண்டில் அவ்வளவு வெள்ளையாக முகம் வரும்.

காசிராஜன் கெட்ட மனிதர் இல்லை. அதட்டிப் பேசமாட்டார். மழை நாளில் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற படம் என்று யார் வந்தாலும் அவர் வாயில் அதே பேச்சுதான்.

"செத்த ஏத்திவிடு, பரிபூரணம். இருக்கிறதுக்கு மேல ரெண்டு படி."

இருபத்தோரு வயதில் அவள் தன் படத்துக்கும் அப்படித்தான் ஏற்றினாள். யாரும் சொல்லவில்லை. தன் முகத்தைத் தானே மேஜையில் வைத்து, நெற்றியில் தொடங்கி, கன்னம், மூக்கு, கழுத்து என்று மூன்று மத்தியானம் உட்கார்ந்து புள்ளி வைத்தாள். படம் வத்திராயிருப்புக்குப் போனது. அங்கிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையனின் அம்மா வாசல்படியிலேயே நின்று, கையிலிருந்த படத்தையும் பரிபூரணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொண்ணு இவதானா? இல்ல, உள்ள வேற யாரும் இருக்காவளா?"

காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மில்லில் வேலை பார்த்த அப்பா ஞானதுரை காப்பி டம்ளர்களை எடுத்து உள்ளே வைத்தார். கடைசியில், "நீ எதுக்குட்டி அப்படிப் பண்ணின?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். வேலையை இன்னும் நுணுக்கமாகச் செய்தாள். எந்த மாமியாரும் கண்டுபிடிக்க முடியாதபடி, காதுமடல் வரைக்கும் ஒரே சீராக ஏற்றினாள். அவள் கைபட்ட படத்தை வைத்துக்கொண்டு ஏமாந்த வீடுகள் எத்தனையோ, ஏமாற்றிவிட்டோமே என்று கல்யாண மேடையில் தலைகுனிந்த பெண்கள் எத்தனையோ. அதையெல்லாம் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. நினைத்தால் கை ஓடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சர்ச் கொயரில் பாடினாள். அதிலும் அவளுக்குக் கிடைத்தது யார் கண்ணிலும் படாத வேலை. நாலு குரல் சேர்ந்து பாடுகிற பாட்டில் பெண்களின் கீழ்க்குரல் அவளுடையது. ஆல்ட்டோ என்பார்கள். பாட்டின் மெட்டு மேல்குரல்காரிகளுக்கு. ஆல்ட்டோ பாடுகிறவர்கள் ரெண்டு மூன்று சுரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரவேண்டும். வீட்டில் அவள் தனியாகப் பாடிப் பழகினால் அப்பா கேட்பார்: "இதென்ன பாட்டுட்டி, போவவும் மாட்டேங்கு, வரவும் மாட்டேங்கு?"

1988 பிப்ரவரியில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அந்த ஞாயிறு கொயரில் நிற்கமுடியாமல் கீழே பெஞ்சில் சனங்களோடு உட்கார்ந்தாள். அவள் இடத்தில் ஜெயபாய் ஒருத்திதான் ஆல்ட்டோ பாடினாள். பள்ளிக்கூட டீச்சர். கனமான, கொஞ்சம் கரகரத்த குரல்.

கொயரில் சேர்ந்த ஏழு வருஷத்தில் முதல்தடவையாக அந்தப் பாட்டை பரிபூரணம் வெளியிலிருந்து கேட்டாள். மேல்குரல் ஏறிப் பறந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் ஜெயபாயின் குரல் தனியாகக் காதில் விழவே இல்லை. நடுவில் ஓர் இடத்தில் ஜெயபாய்க்கு இருமல் வந்து நிறுத்திவிட்டாள். பாட்டு நிற்கவில்லை. ஆனால் சட்டென்று தகரம் மாதிரி ஆகிவிட்டது. மெட்டு அப்படியே இருக்கிறது, சொல் அப்படியே இருக்கிறது, உடம்பு மட்டும் போய்விட்டது. இருமலை விழுங்கிவிட்டு ஜெயபாய் திரும்பச் சேர்ந்தபோது, வற்றின வாய்க்காலில் தண்ணீர் வந்த மாதிரி பாட்டு நிறைந்தது.

பரிபூரணம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த நேரத்தில் மனசில் வந்தது சாமி இல்லை. தன் மேஜை. ஆறு வருஷமாகப் பென்சிலை வைத்து அவள் மூடிக்கொண்டிருந்தது எதை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முகத்தில் இருந்த கீழ்க்குரலை. அதனால்தான் ஸ்டூடியோ படங்கள் எல்லாம் வெள்ளையாக இருக்கின்றன, ஒருத்தருக்கும் உயிர் இல்லை.

தெரிந்துவிட்டது, சரி. அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை மறுபடி பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சர்ச்சில் விழுந்தது முதல் தட்டு என்றால், ரெண்டாவது தட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் விழுந்தது. அதே வருஷம் ஆவணியில் அங்கே ஒரு கல்யாணம். லைட் பிடிக்க ஆள் வராததால் காசிராஜன் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். முகூர்த்தம் முடிந்து, மத்தியானப் பந்திக்கு நேரம் இருந்தது. கோவில் மண்டபத்துச் சிலைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நடந்தாள்.

தூணுக்குத் தூண் ஆள் உயரத்துக்குச் சிலைகள். அதில் ஒரு பெண் சிலைக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள். அட்டக்கருப்புக் கல். மண்டபத்துக்கு வெளியேயிருந்து பக்கவாட்டில் மட்டும் வெளிச்சம் வந்தது. கன்னத்து மேட்டில் ஒரு கோடு பளபளத்தது. அதற்குக் கீழே கொஞ்சம் மங்கல், தாடைக்கடியில் இன்னும் மங்கல், கழுத்து மடிப்பில் கும்மிருட்டு. கறுப்பு என்று ஒற்றை வார்த்தையில் சொல்கிறோமே, அதற்குள் எத்தனை இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். நாலு. அந்தச் சிலை இதோ வாயைத் திறந்து பேசப்போகிறது என்று இருந்தது.

"இங்கயா நிக்க?" என்று தேடிக்கொண்டு வந்தார் காசிராஜன். "ரோல்ல ஒரு படம் மிச்சம் இருக்கு, இதையே அடிச்சிருவோம்." சிலைக்கு நேராக நின்று ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தார்.

மறுநாள் அந்தப் படத்தை அவள்தான் பிரிண்ட் போட்டாள். கன்னம் இல்லை, தாடை இல்லை, கழுத்து மடிப்பு இல்லை. சிமெண்டில் செய்து வைத்த பொம்மை ஒன்று முழித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் போதாமல் அந்த முகம் கெடவில்லை. நேருக்கு நேர் அள்ளிக் கொட்டிய வெளிச்சத்தில்தான் கெட்டது.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில், காசிராஜன் வீட்டுக்குப் போனபிறகு, அவள் தானாகப் பழக ஆரம்பித்தாள். உட்கார வைக்க ஆள் கிடையாது. கத்தரிக்காயை வைத்து எடுத்தாள். இரும்புச் சட்டியை எடுத்தாள். வீட்டிலிருந்து அம்மிக் குழவியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து எடுத்தாள். ரெண்டு பக்கமும் எரிகிற பெரிய லைட்டில் ஒன்றை அணைத்தாள். மற்றொன்றைத் தள்ளித் தள்ளி, சன்னல் பக்கமாகத் திருப்பி, கடைசியில் அதற்கு முன்னால் ஒரு வேட்டித்துணியைத் தொங்கவிட்டாள். கத்தரிக்காய் அழகாக வந்தது. அதை டார்க்ரூமில் கழுவி எடுத்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஊரில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்காத மரியாதை கத்தரிக்காய்க்குக் கிடைத்துவிட்டது.

நோட்டில் ஒரு கணக்கு வகுத்துக்கொண்டாள். பளபளக்கிற இடம் மேல்குரல். முகத்தின் சொந்த நிறம் ஆல்ட்டோ. கழுத்தும் தாடையும் ஆண்களின் மேல்குரல். முடியும் பின்னால் இருக்கிற இருட்டும் அடிக்குரல். ஒரு படத்தில் நாலும் கேட்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் படம் தகரம். ஸ்டூடியோவில் இருந்த டேப் ரெக்கார்டரில் கொயர் கேசட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டே டார்க்ரூமில் வேலை பார்த்தாள். எந்த இடத்தில் எவ்வளவு இருட்டு விடலாம் என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொன்னது.

1989 மார்ச்சில் அங்காளம்மாள் வந்தாள். கூமாப்பட்டிக்காரி. ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை. கூடவே அவள் அம்மா செல்லத்தாய், ஒரு பட்டுச்சேலையைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் வேண்டும். காசிராஜன் சிவகாசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அன்றைக்குள் படம் எடுத்தாக வேண்டும், மறுநாள் பெண்ணுக்கு லீவு இல்லை.

"நானே எடுக்கேன்" என்றாள் பரிபூரணம்.

வழக்கம்போல பவுடர் டப்பாவை நீட்டினாள். அங்காளம்மாள் வாங்கவில்லை.

"வேண்டாம்க்கா. மில்லுல பஞ்சு பறந்து நாள்பூரா வெள்ளையாத்தான் இருக்கேன். இன்னிக்காவது என் மூஞ்சியா இருக்கட்டும்."

பரிபூரணம் டப்பாவை மூடி வைத்தாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை மாசமாகக் கத்தரிக்காயோடு மல்லுக்கட்டினோம் என்று தோன்றியது. பூந்தோட்டமும் மாடிப்படியும் வரைந்த திரைக்கு மேலே ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டாள். ஒரு லைட்டை அணைத்தாள். செல்லத்தாய், "கரண்டு போயிட்டா?" என்று கேட்டாள்.

அங்காளம்மாள் ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"உனக்குப் பிடிச்ச பாட்டு சொல்லு, போடுதேன்."

"மிஷின் சத்தத்துல பாட்டு எங்கக்கா கேக்கும்? நாங்களாத்தான் பாடிக்கிடுவோம்."

"அப்போ அதப் பாடு."

"இங்கயா?"

"இங்கதான்."

முதலில் வெட்கப்பட்டாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள். மில்லில் ஷிப்டு முடிவதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் தூக்கம் வராமல் இருக்கப் பெண்கள் தாங்களே கட்டிக்கொண்ட பாட்டு. சூப்பர்வைசரைக் கேலி செய்கிற பாட்டு. குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது, ஜெயபாய் குரல் மாதிரி. பரிபூரணம் கேமராவைக் குனிந்து பார்த்தபடி, தன்னை அறியாமல் அதற்குக் கீழே ஒரு சுரத்தை முனகிக்கொண்டிருந்தாள். பாட்டு ஒரு வரி முடிந்து, அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கிற இடத்தில் அங்காளம்மாளின் தோள் இறங்கியது, கண் நிமிர்ந்தது. அந்த இடத்தில் பட்டனை அழுத்தினாள்.

மூன்றாம் நாள் பிரிண்டை வாங்க அம்மாவும் மகளும் வந்தபோது காசிராஜனும் இருந்தார். படத்தை அவர்தான் கவரிலிருந்து முதலில் உருவினார். அவர் தொழில் தெரிந்தவர். எதைப் பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இது காலண்டருக்கு ஆகும். கல்யாணத்துக்கு ஆவாது."

செல்லத்தாய் எட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "எம்மவள இப்படிக் கரிக்கட்டையாக்கி வச்சிருக்கியே தாயி. இத எந்த வீட்டுக்கு நான் குடுப்பேன்?"

"ஒண்ணும் ஆகல, ஆச்சி. நெகட்டிவ் இருக்கு. செத்த நேரத்துல ஏத்தித் தந்திரலாம்." காசிராஜன் நெகட்டிவை எடுத்துச் சாய்வு மேஜையில் வைத்தார். "பரிபூரணம், உக்காரு."

பரிபூரணம் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, இந்த மூஞ்சியில நான் பென்சில் வைக்கமாட்டேன்."

"என்ன சொல்லுத?"

"வைக்கமாட்டேன்னு சொல்லுதேன்."

"ஏழு வருஷமா வச்ச கைதான அது? இன்னிக்கு என்ன புதுசா வீம்பு?"

"வீம்புன்னே வச்சுக்கிடுங்க. ஏழு வருஷம் வச்சது தப்பு. எம் மூஞ்சியிலயே வச்சுக்கிட்டேன், அது அத விடத் தப்பு."

காசிராஜனுக்கு வாடிக்கையாளர் முன்னால் இது நடப்பது பிடிக்கவில்லை. "சரி, நீ விலகு. நான் வைக்கேன்" என்று பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு அந்த வேலை விட்டுப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. பென்சில் முனை கண்ணாடிக்கு அருகே வருவதற்குள் பரிபூரணம் நெகட்டிவை உருவி எடுத்தாள். நேராக அங்காளம்மாளிடம் போய் அவள் கையில் கொடுத்தாள்.

"இது உன் மூஞ்சி. நீயே வச்சுக்க. ஏத்தணும்னா நீ சொல்லி ஏத்து. நான் ஏத்தமாட்டேன்."

அங்காளம்மாள் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நெகட்டிவில் அவள் முகம் பால்போல வெள்ளையாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தாம்மா, ஒனக்கு வேணுங்கிற வெள்ளை இதுல இருக்கு" என்று அம்மாவிடம் காட்டினாள். பிறகு பிரிண்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "நான் இதாம்மா. இதத்தான் குடுக்கணும். பிடிக்காதவன் வீட்டுலயே இருந்துக்கிடட்டும்."

அவர்கள் இறங்கிப்போனபிறகு காசிராஜன் மெதுவாகத்தான் பேசினார். "அந்த நெகட்டிவ் ஸ்டூடியோ சொத்து, பரிபூரணம். நாளைக்கு எல்லாரும் இப்படிக் கேட்டா நான் கடைய மூடிட்டு அய்யனார் கோவில் அருவியில போய்க் குளிச்சுக்கிட்டுக் கெடக்கணும். ஒண்ணு சொன்னபடி வேலை பாரு. இல்ல, படியெறங்கினா திரும்ப வராத."

"வரமாட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லி, தன் நோட்டையும் கொயர் கேசட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். துணிக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு நடந்தாள்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. "இனி என்ன பண்ணப்போற?"

"நானே ஸ்டூடியோ வைக்கப்போறேன்."

"பொம்பளையா?"

"நான் இப்போ என்னவா இருக்கேன்?"

ஞானதுரை மோரை ஊற்றிக்கொண்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ராஜபாளையத்துல வேண்டாம். அவரு உப்பைத் தின்னுருக்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பாரு" என்றார். அவர் கொடுத்த சம்மதம் அவ்வளவுதான்.

1990 தையில் ரத வீதியில், ஆவுடையப்பன் என்பவரின் பாத்திரக்கடைக்கு அடுத்த ஒற்றை அறையில் பரிபூரணம் ஸ்டூடியோ திறந்தாள். பூந்தோட்டத் திரை இல்லை. ஒரு கம்பளி, ஒரு லைட், பெரிய சன்னல், ஒரு டேப் ரெக்கார்டர், பின்னால் மூலையைத் தடுத்து ஒரு டார்க்ரூம். பெயர் 'நாலுகுரல் ஸ்டூடியோ'. அதற்குக் கீழே, சிறிய எழுத்தில் இல்லை, அதே அளவு எழுத்தில் ஒரு வரி: 'இங்கே முகத்துக்கு வெள்ளை ஏற்றித் தரப்படமாட்டாது.'

போர்டு எழுதியவரே ரெண்டு தடவை கேட்டார். "தரப்படும்னுதான எழுதணும்?"

"படமாட்டாதுன்னே எழுதுங்க."

முதல் நாலு மாதம் யாரும் வரவில்லை என்று சொல்லலாம். பெயரைப் பார்த்து, பாட்டுப் பதிந்து தருகிற கடை என்று நினைத்து வெற்றுக் கேசட்டோடு வந்தவர்கள்தான் அதிகம். பிறகு பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் வந்தார்கள். பட்டாளத்துக்குப் போகிற பையன்கள் வந்தார்கள். வந்தவர் யாராக இருந்தாலும் அவள் முதலில் ஸ்டூலில் உட்கார வைத்து, எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்பாள். நாதசுரம் கேட்டவர்கள் உண்டு. தப்படிச் சத்தம் கேட்டவர்கள் உண்டு. கூமாப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், பாட்டெல்லாம் வேண்டாம், பம்புசெட் ஓடுகிற சத்தம் கேட்டால் போதும், தூக்கம் வரும் என்றார். அடுத்த வாரமே அவள் அவருடைய தோட்டத்துக்குப் போய் அதைப் பதிந்துகொண்டு வந்தாள். அந்தச் சத்தத்தில் அவர் முகம் இளகிய மாதிரி வேறெதற்கும் இளகியிருக்காது. பாட்டைக் கேட்கிறவர்கள் படத்துக்காக முகத்தை வைத்துக்கொள்ள மறந்துவிடுவார்கள். அந்த மறதியைத்தான் அவள் எடுத்தாள்.

அங்காளம்மாளின் படத்தை ரெண்டு வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்கு அதை அனுப்பவே செல்லத்தாய் மறுத்துவிட்டாள். கடைசியில் அவளைக் கட்டிக்கொண்டது அதே மில்லில் வேலை பார்த்த கருத்தப்பாண்டி. அவர் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை, அவள் பாட்டைக் கேட்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அங்காளம்மாள் அந்த நெகட்டிவைப் பரிபூரணத்திடமே கொண்டுவந்து கொடுத்தாள். "பெருசாப் போட்டு வாசல்ல மாட்டுங்கக்கா. பாக்கட்டும்."

மாட்டினாள். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று பெரிய படங்கள். அங்காளம்மாள், ஜெயபாய் டீச்சர், முத்துவீரன் என்று ஒரு பட்டாளத்துக்காரர். மூன்று பேரும் கறுப்பு. மூன்று பேரும் பார்க்கிறவனை நேருக்கு நேர் பார்த்தார்கள். தெருவில் போகிறவர்களில் சிலருக்கு அது தைத்தது.

1992 ஆடிப்பூரத்துக்கு மூன்று நாள் முந்தி, காலையில் கடை திறக்க வந்த பரிபூரணம் வாசலில் நின்றுவிட்டாள். கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. மூன்று முகத்திலும் யாரோ சுண்ணாம்பை அள்ளி அப்பியிருந்தார்கள். கண், மூக்கு தெரியாமல் வெள்ளை. சொட்டிய சுண்ணாம்பு சுவரில் கோடு கோடாகக் காய்ந்திருந்தது.

ஆவுடையப்பன் தன் கடையிலிருந்து இறங்கி வந்தார். "எவனோ எடுபட்ட பய வேலை. எடுத்து உள்ள வச்சிருங்கம்மா. தேர் வருது. ஊர்ப்பட்ட சனம் இந்தப் பக்கந்தான் போவும். அசிங்கமா இருக்கும்."

பரிபூரணம் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். கையில் ஒரு துண்டு கீறிவிட்டது. அழவேண்டும் போலத்தான் இருந்தது. வத்திராயிருப்புக்காரி வாசலில் நின்று மாறி மாறிப் பார்த்த பார்வை ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குப் பரிபூரணம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அதுமாதிரி இன்னொரு தடவை உள்ளே போகமாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"அசிங்கம் பண்ணினவனுக்கு இருக்கட்டும், ஆவுடையப்பண்ணாச்சி. இது இங்கயே தொங்கும்."

அன்றும் மறுநாளும் டார்க்ரூமை விட்டு அவள் வெளியே வரவில்லை. அதே மூன்று படங்களையும் அதே அளவில் புதிதாகப் போட்டாள். சுண்ணாம்பு அப்பிய படங்களைத் தொடாமல், ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே புதுப் படத்தை மாட்டினாள். கண்ணாடி கிடையாது. நடுவில் ஓர் அட்டையில் தன் கையாலேயே எழுதினாள்:

'மேலே இருப்பது சுண்ணாம்பு. கீழே இருப்பது ஆள்.'

தேரன்று சனம் தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. வடத்தைத் தொட்டுக் கும்பிட வந்தவர்கள், பலூன் வாங்க வந்தவர்கள், பிள்ளையைத் தோளில் வைத்திருந்தவர்கள், எல்லாரும் அந்த வாசலில் ஒரு நிமிஷம் தேங்கினார்கள். மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள். பரிபூரணம் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள், பக்கத்தில் இருந்தவனுக்குக் கேட்கும்படி சொன்னான்: "இம்புட்டுக் கறுப்பப் பெருசாப் போட்டு வச்சிருக்கா. இதுல என்ன அழகு?"

பரிபூரணம் எழுந்திருக்கவில்லை. "கோவிலுக்குத்தான போறீய? மண்டபத்துத் தூண்ல நிக்கிற பொம்பளையப் பாத்துட்டு வாங்க. அவளுக்கு யாரும் பவுடர் போடல. நானூறு வருஷமா நின்னு பாத்துக்கிட்டுத்தான் போறோம்."

அவன் ஏதோ முனகிக்கொண்டு நகர்ந்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது யார் என்று திரும்பினால், அங்காளம்மாள். இடுப்பில் பிள்ளை. கூட மில்லிலிருந்து நாலு பெண்கள், தேர் பார்க்க வந்தவர்கள். அவள் படிக்கட்டில் ஏறித் தன் படத்துக்குக் கீழே போய் நின்றாள். சுண்ணாம்பு முகம், அதன் கீழே அச்சு முகம், அதன் கீழே சொந்த முகம்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள். "நாந்தான்."

கூட வந்த பெண்களில் ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பரிபூரணத்திடம் வந்தாள். "அக்கா, என்னையும் அந்தக் கீழ இருக்க மாதிரி எடுங்க." அன்றைக்குப் பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். வெளியே நாதசுரமும் மேளமும் கேட்டதால் டேப் ரெக்கார்டர் தேவைப்படவில்லை. கடைசியாக வந்த பெண்மணி ஐம்பது வயதிருக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு போட்டோ எடுத்திருக்கிறாளாம், கல்யாணத்துக்கு முன்னால், ராஜபாளையத்தில். "அதுல இருக்கது நான் இல்லன்னு எங்க வீட்டுக்காரரு சாகுறவரைக்கும் சொல்லிக் காமிப்பாரு" என்றாள். அந்தப் படத்தைத் தொட்டது தன் கையாக இருக்காது, அது தன் காலத்துக்கு முந்தியது என்று பரிபூரணத்துக்குத் தெரியும். இருந்தாலும் அந்த அம்மாவுக்கு மூன்று படம் எடுத்தாள். மூன்றையும் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்லமுடியாது. மாப்பிள்ளை வீட்டுப் படத்துக்கு ஊர் இன்னும் ராஜபாளையத்துக்குத்தான் பஸ் ஏறியது. ஆனால் பட்டாளத்துக்காரர்கள் லீவில் வந்தால் நாலுகுரலுக்கு வந்தார்கள். மேளக்காரர்கள் வந்தார்கள். கல்யாணம் ஆகி முடிந்து, இனி யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற பெண்கள் வந்தார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "பொண்ணு கேக்குறவிய தங்க படத்தோட வாங்க, பாக்குதேன்" என்பாள்.

1996இல் கறுப்பு வெள்ளைப் பேப்பர் கிடைப்பது அருகிவிட்டது. எல்லாரும் கலருக்கு மாறினார்கள். ராஜபாளையத்தில் ஒரு கலர் லேப் வந்தது. ஃபிலிமைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் மெஷினே பிரிண்ட் போட்டுத் தரும். பரிபூரணம் முதல் ரோலைக் கொடுத்து வாங்கிப் பார்த்தாள். எல்லா முகமும் ரோஸ் கலரில் வெளுத்திருந்தது. திருப்பிக் கொடுத்தாள். மறுபடி அதே மாதிரி வந்தது. கவரின்மேல், 'முகத்துக்கு வெளிச்சம் கூட்டாதீர்கள்' என்று பெரிதாக எழுதி அனுப்பினாள். அதற்கும் வெளுத்தே வந்தது.

நாலாவது தடவை கவரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். லேபில் மெஷின் பார்க்கிறவர் பெயர் சமுத்திரம். முப்பது வயது, மூக்குக்கண்ணாடி.

"மெஷினே அப்படித்தான் போடுதுக்கா. முகம் இருட்டா இருந்தா அதுவாக் கூட்டிக்கிடும். நாம ஒண்ணும் பண்ண முடியாது."

"அதுவா எப்படிக் கூட்டும்? மெஷினுக்கு யாரோ சொல்லிக் குடுத்துருக்காவல்லா?"

"கம்பெனிக்காரன் செட் பண்ணி அனுப்புதான்."

"அவன் கூமாப்பட்டியப் பாத்துருக்கானா?"

சமுத்திரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு படத்துக்கு மட்டும் கையால குறைச்சுப் பாக்கலாம். ஆனா பேப்பர் வேஸ்ட் ஆவும். ஒரே தடவையில வராது."

"வேஸ்ட் ஆவட்டும்."

அவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பரிபூரணம் சேலையைச் செருகிக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமுத்திரம் ஏதோ பட்டனை ரெண்டு தட்டுத் தட்டினார். ஒரு பிரிண்ட் வந்தது. சன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"வெளுப்பு. இன்னும் குறைங்க."

இன்னொன்று வந்தது.

"கன்னம் வந்துட்டு. கழுத்து வரல. இன்னும்."

"இதுக்கு மேல குறைச்சா இருட்டாயிரும்க்கா."

"இருட்டாகட்டும், தம்பி. எவ்வளவு இருட்டு வேணும்னு நான் சொல்லுதேன். நீங்க போடுங்க."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி பட்டன் பக்கம் குனிந்தார்.